வெள்ளியின் வெம்மைக்கு விடை அதன் காற்றிலே

அந்தி வானின் மேற்கிலும் விடியல் வானின் கிழக்கிலும் விண்மீன்கள் அனைத்தையும் விஞ்சி ஒளிர்வது வெள்ளி. பருமனில் அது நம் புவிக்கு மிக நெருங்கியது. புவியின் குறுக்களவு 12,742 கி.மீ.; வெள்ளியின் குறுக்களவு 12,104 கி.மீ. நிறையிலும் அது புவியில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாது. இருந்தும் அதன் தரையில் நிலவும் வெப்பம் ஏறத்தாழ 465 பாகை செல்சியஸ். ஈயம் 327 பாகையில் உருகிவிடும். துத்தநாகமும் 420 பாகையைத் தாண்டித் திடமாக நிற்காது. கதிரவனைச் சுற்றும் எட்டுக் கோள்களுள் இவ்வளவு சுடும் தரை வேறெதற்கும் இல்லை.

ஏன் இந்த வெம்மை? இவ்வினாவை எழுப்பினால், கற்றவரிடமிருந்தும் பெரும்பாலும் வரும் விடை ஒன்றே: கதிரவனுக்கு அருகில் இருப்பதால். இந்த விடை எளியது. ஏற்கத்தக்கது போலவும் தோன்றும். ஆயினும் அது தவறு. வெள்ளியின் வெப்பத்தைப் பற்றிய உண்மை நம் புவியின் வருங்காலத்தோடு பிணைந்திருப்பதால், இத்தவற்றை அப்படியே விட்டுவிடுவது நன்றன்று.

அண்மைதான் காரணமென்றால் புதன் கோள் வெள்ளியைவிட வெப்பமாக இருந்தாக வேண்டும். கதிரவனிலிருந்து புதன் ஏறத்தாழ 5.8 கோடி கி.மீ. தொலைவிலும், வெள்ளி 10.8 கோடி கி.மீ. தொலைவிலும் உள்ளன. ஒரே பரப்பளவில் விழும் ஒளியை ஒப்பிட்டால், வெள்ளி பெறுவதைப் போல் மூன்று மடங்குக்கும் மேலாகப் புதன் பெறுகிறது. அப்படியிருந்தும் புதனின் உச்சிப் பகல் வெப்பம் 430 பாகையளவே. இரவு வந்ததும் அது பூச்சியத்துக்குக் கீழே 180 பாகைக்குச் சரிந்துவிடுகிறது. பெற்ற வெப்பத்தைக் காத்துவைக்கப் புதனில் காற்று இல்லை. வெள்ளியிலோ ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்து கழிய 117 புவி நாள்கள் ஆகின்றன. அத்துணை நீண்ட இரவிலும் அதன் தரை குளிர்வதில்லை. நண்பகலின் வெப்பமே நள்ளிரவிலும் நிலவுகிறது.

இன்னொரு கணக்கு இதைவிட வியப்பானது. வெள்ளியை முழுவதுமாக மூடியிருக்கும் கந்தக அமில மேகங்கள், தம்மீது விழும் கதிரவன் ஒளியில் நான்கில் மூன்று பங்கை விண்வெளிக்கே திருப்பியனுப்பிவிடுகின்றன. வெள்ளி அவ்வளவு பொலிவுடன் ஒளிர்வதற்கும் இதுவே காரணம். புவியோ தனக்கு வரும் ஒளியில் பத்தில் மூன்று பங்கை மட்டுமே திருப்புகிறது. கதிரவனுக்கு அருகில் இருப்பதால் வெள்ளிக்கு ஏறத்தாழ இரு மடங்கு ஒளி கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் திருப்பியனுப்பியது போக எஞ்சியதைக் கணக்கிட்டால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் புவி ஏற்றுக்கொள்ளும் வெப்பத்தைவிட வெள்ளி ஏற்றுக்கொள்வது குறைவு. புவிக்கு அது சராசரியாக 240 வாட். வெள்ளிக்கு 160 வாட்டுக்கும் குறைவு. இந்த வரவுக்குரிய வெப்பநிலையை மட்டும் பார்த்தால் வெள்ளி பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக்கும் மேற்பட்ட குளிரில் உறைந்திருக்க வேண்டும். வந்தது குறைவு, தரையோ கொதிக்கிறது. இடைப்பட்ட 500 பாகையும் வெள்ளியின் காற்று செய்த வேலை.

இவ்வுண்மை ஒரே நாளில் கைவந்ததன்று. காற்றிலுள்ள கரியமில வாயு புவியின் வெப்பத்தை உயர்த்தும் என்று 1896-இல் கணக்கிட்டுக் காட்டிய ஸ்வீடன் அறிஞர் அர்ஹீனியஸ், பின்னர் வெள்ளியைப் பற்றி எழுதியபோது அதை ஈரம் சொட்டும் சதுப்பு நிலமாகவே எண்ணினார். மேகம் இருந்தால் நீர் இருக்கும், நீர் இருந்தால் செடிகொடிகள் இருக்கும் என்ற ஊகமே அன்று மேலோங்கி நின்றது. 1932-இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் ஆடம்சும் டன்ஹாமும் வெள்ளியின் ஒளியைப் பிரித்து ஆராய்ந்து, அதன் காற்றில் கரியமில வாயு மிகுந்திருப்பதைக் கண்டனர். அந்த வாயுவால் வெள்ளியின் தரை நீரின் கொதிநிலையைக் கடந்து சூடேறியிருக்க வேண்டும் என்று 1940-இல் வானியலாளர் ரூபர்ட் வில்ட் கூறினார். 1956-இல் வாஷிங்டன் கடற்படை ஆய்வகத்தார் ரேடியோ தொலைநோக்கியை வெள்ளியின்பால் திருப்பியபோது, அங்கிருந்து வந்த நுண்ணலைகள் 300 பாகையைக் கடந்த வெப்பத்தைக் காட்டின. அது தரையின் வெப்பமாக இருக்க முடியாது, மேல்வானின் மின்னூட்டத் துகள்களிலிருந்து எழும் அலையாகவே இருக்கும் என்று வாதிட்டவர் பலர். வெப்பத்தைக் காற்று பிடித்துவைக்கும் பசுங்குடில் விளைவால் தரையே அவ்வளவு சூடாக இருக்கிறது என்று 1960-இல் இளம் ஆய்வாளர் கார்ல் சேகன் எழுதினார். 1962 டிசம்பர் 14 அன்று வெள்ளியைக் கடந்து சென்ற மாரினர்-2 விண்கலம் எடுத்த அளவீடுகள் தரையே சூடானது என்ற பக்கம் தீர்ப்பைச் சாய்த்தன.

தரையிலிருந்தே சான்று வந்தது 1970 டிசம்பர் 15 அன்று. சோவியத் நாட்டின் வெனீரா-7 கலம் வெள்ளியின் காற்றுக்குள் இறங்கியபோது அதன் வான்குடை பழுதுபட்டது. மணிக்கு ஏறத்தாழ 60 கி.மீ. வேகத்தில் அது தரையில் மோதியது; குறிகை நின்றுவிட்டதாகவே கருதப்பட்டது. பின்னர் பதிவு நாடாக்களை மீண்டும் ஆராய்ந்தபோது, இரைச்சலுக்கு அடியில் மிக மெலிந்த குறிகை ஒன்று 23 நிமிடங்கள் தொடர்ந்திருப்பதைக் கண்டனர். கலம் பக்கவாட்டில் சாய்ந்ததால் அதன் வானலை வாங்கி புவியை நோக்காமல் போனதே அந்த மெலிவுக்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. கருவிகளின் அளவுகளை மாற்றி மாற்றி அனுப்ப வேண்டிய பொறியும் பழுதுற்றிருந்ததால் வெப்ப அளவு ஒன்றே வந்துகொண்டிருந்தது. அந்த ஓர் அளவு போதுமாயிருந்தது: 475 பாகை. வேறொரு கோளின் தரையிலிருந்து மனிதனுக்குக் கிடைத்த முதற்செய்தி அது. 1975-இல் வெனீரா-9 அங்கிருந்து முதற்படங்களை அனுப்பியது. 1982 மார்ச் 1 அன்று இறங்கிய வெனீரா-13, தட்டையான பாறைப் பலகைகள் பரந்த நிலத்தை வண்ணத்தில் காட்டி, 127 நிமிடங்கள் தாக்குப்பிடித்து ஓய்ந்தது. எஃகையும் டைட்டானியத்தையும் கொண்டு அக்காலத்தின் மிகச் சிறந்த பொறியாளர்கள் கட்டிய கலமே அங்கு வாழ்ந்தது இரண்டு மணி நேரமும் சில நிமிடங்களும்தான்.

அந்தக் காற்றின் இயல்பை அறிந்தால் வெம்மையின் காரணமும் விளங்கும். வெள்ளியின் காற்றில் 96.5 விழுக்காடு கரியமில வாயு. எஞ்சியதில் பெரும்பகுதி நைட்ரஜன். தரையில் அதன் அழுத்தம் நம் கடல்மட்ட அழுத்தத்தைப் போல் 90 மடங்குக்கும் மேல். நம் கடலில் 900 மீட்டர் ஆழத்தில் தாங்க வேண்டிய சுமைக்கு அது நிகர். மேகங்களின் ஊடே கசிந்து தரையை எட்டும் கதிரவன் ஒளி, வந்ததில் நூற்றில் மூன்று பங்குகூட இராது. அந்தச் சிறு ஒளியைத் தரை ஏற்று, அகச்சிவப்புக் கதிராக மேலே விடுகிறது. ஒளிக்கு ஓரளவு வழிவிட்ட அதே காற்று இக்கதிருக்கு வழிவிடுவதில்லை. கரியமில வாயு அதில் பெரும்பகுதியை விழுங்குகிறது. அது விட்டுவைக்கும் இடைவெளிகளைச் சிறிதளவே உள்ள நீராவியும் கந்தக இரு ஆக்சைடும் மேகங்களும் அடைத்துவிடுகின்றன. விழுங்கப்பட்ட வெப்பம் மீண்டும் நாற்புறமும் வெளியிடப்படுகிறது. அதில் ஒரு பங்கு தரைக்கே திரும்புகிறது.

ஏரியில் மிகுந்த நீர் வழிந்தோடும் கலிங்கை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். ஏரிக்கு வரும் நீர் கூடவில்லை. கலிங்கின் மட்டத்தை மட்டும் உயர்த்திக் கட்டினால் ஏரியில் நிற்கும் நீர் உயர்கிறது. உயர்ந்தபின் வருவதும் வழிவதும் முன்போலவே சமமாகின்றன. ஆனால் நிற்கும் நீரின் ஆழம் வேறு. வெள்ளியில் வெப்பம் விண்ணுக்கு வழிந்தோடும் மட்டம் தரையிலிருந்து ஏறத்தாழ 65 கி.மீ. உயரத்துக்குச் சென்றுவிட்டது. அம்மட்டத்தில் குளிர்தான். அங்கிருந்து கீழே இறங்க இறங்க ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 8 பாகை வீதம் வெப்பம் ஏறுகிறது. அத்தனை கிலோமீட்டர்களையும் இறங்கித் தரையைத் தொடும்போது அது 465 பாகையாக நிற்கிறது. 1985-இல் சோவியத்தின் வேகா கலங்கள் சுமார் 54 கி.மீ. உயரத்தில் மிதக்கவிட்ட பலூன்கள் இரண்டு நாள்களுக்குச் சற்றே குறைவான காலம் செய்தி அனுப்பின. அவ்வுயரத்தில் வெப்பம் நம் கோடைப் பகலை ஒத்தது. அழுத்தம் நம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியளவு. கதிரவனுக்குள்ள தொலைவு பலூனுக்கும் தரைக்கும் ஒன்றே. இரண்டையும் வேறாக்கியது இடையில் நின்ற காற்று.

இங்கு இன்னொரு தவற்றையும் களைய வேண்டும். வெள்ளி சுடுவது அழுத்தத்தினால்தான், கரியமில வாயுவுக்கு அதில் பங்கில்லை என்று கூறுவோர் உளர். காற்றை அழுத்தும்போது அது சூடேறும் என்பது மெய். அழுத்தப்பட்டு நிலைத்து நிற்கும் காற்று ஓயாது வெப்பத்தை ஆக்கிக்கொண்டிராது. கடலில் மூழ்கி ஆராய்வோர் முதுகில் சுமக்கும் கலனுள் காற்று 200 மடங்கு அழுத்தத்தில் இருக்கிறது. அது எவர் முதுகையும் சுடுவதில்லை. வெள்ளியின் காற்று முழுவதும் அகச்சிவப்புக் கதிருக்கு வழிவிடுவதாக இருந்தால், எவ்வளவு அழுத்தம் இருப்பினும் தரை தன் வெப்பத்தை நேரே விண்ணுக்கு விட்டுக் குளிர்ந்திருக்கும். அடர்ந்த காற்று வெப்பத்தை விழுங்கும் ஆற்றலைப் பெருக்குகிறது. வெப்பம் வழியும் மட்டத்தை உயரே தள்ளுகிறது. அழுத்தத்தின் பங்கு அதுவே. கதவை அடைத்தது கரியமில வாயு.

புவிக்கும் வெள்ளிக்கும் ஒரே மூலப்பொருள் கிடைத்திருக்க, ஒன்று மட்டும் இவ்வாறு ஆனது எப்படி? விடை நீரில் இருக்கிறது. நம் புவியிலும் வெள்ளியின் காற்றில் உள்ளதற்கு ஏறத்தாழ ஒத்த அளவு கரியமில வாயு உண்டு. ஆனால் அது காற்றில் இல்லை. சுண்ணாம்புக் கல்லாகப் பாறைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. மழை அந்த வாயுவைக் கரைத்துக்கொண்டு பாறைகளின்மேல் விழுகிறது. பாறை சிதைந்து கரைந்த சுண்ணத்தை ஆறுகள் கடலுக்குக் கொண்டு சேர்க்கின்றன. கடலுயிர்கள் அதை ஓடாக்கி மடிந்து படிவமாகின்றன. அரியலூர்ச் சுரங்கங்களில் தொல்கடலின் சிப்பிகளோடு வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக் கல் இவ்வாறு காற்றிலிருந்து கழிந்து கல்லான கரியே. அதைச் சூளையிலிட்டுச் சிமெண்ட் ஆக்கும்போது அடைபட்ட வாயு மீண்டும் காற்றுக்கே வருகிறது.

வெள்ளியில் இச்சுழற்சி நின்றுபோயிற்று. அல்லது தொடங்கவே இல்லை. அங்கு ஒருகாலத்தில் கடல் இருந்ததா, நீராவியாகவே இருந்து மறைந்ததா என்பதில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. நீர் மிகுதியாக இருந்தது என்பதற்கு மட்டும் வலிய தடயம் கிடைத்திருக்கிறது. எடை மிகுந்த ஹைட்ரஜனாகிய டியூட்டிரியம், சாதாரண ஹைட்ரஜனோடு ஒப்பிடப் புவியில் உள்ளதைப் போல் நூறு மடங்குக்கும் மேலாக அங்கே மிஞ்சியிருப்பதை 1978-இல் சென்ற பயனியர் வீனஸ் கலத்தின் அளவீடுகள் காட்டின. நீராவி மேலேறியது, புற ஊதாக் கதிர் அதைப் பிளந்தது, எடை குறைந்த ஹைட்ரஜன் விண்ணில் தப்பியோடியது, எடை மிகுந்தது பின்தங்கியது. நீராவியும் வெப்பத்தை விழுங்கும் பொருளாதலால், வெப்பம் நீரை ஆவியாக்க, ஆவி வெப்பத்தைப் பெருக்க, இரண்டும் ஒன்றையொன்று தூண்டி எல்லை மீறின. நீர் போனபின் மழை இல்லை. மழை இல்லையேல் வாயுவைக் கல்லாக்க வழியும் இல்லை. இன்றும் அங்கே மேகத்திலிருந்து கந்தக அமிலத் துளிகள் வீழ்கின்றன. தரையை அடையுமுன்பே அவை ஆவியாகிவிடுகின்றன. கதிரவனுக்குச் சற்று அருகில் இருந்தது இந்தச் சரிவைத் தொடங்கிவைத்திருக்கலாம். ஆனால் இன்றைய 465 பாகையைத் தாங்கிநிற்பது அந்தக் காற்றுதான்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது எது? முதலில் எது அன்று என்பதைச் சொல்லிவிடுவோம். புவி நாளையே வெள்ளியாகிவிடும் என்று அஞ்சுவதற்கு ஆதாரம் இல்லை. நிலத்தடியிலுள்ள நிலக்கரியையும் எண்ணெயையும் முழுவதும் எரித்தாலும் நம் கடல்கள் கொதித்து வற்றிவிடா என்பதே பெரும்பாலான ஆய்வாளரின் முடிவு. கதிரவன் மெல்ல மெல்ல ஒளி பெருகி வருவதால் ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகளுக்குப் பின் புவி தன் நீரை இழக்கத் தொடங்கும். அது மனிதர் கணக்கில் அடங்காத காலம். மிகைப்படுத்திய அச்சம் உண்மைக்குச் செய்யும் தீங்கு, மறுப்பவர் செய்யும் தீங்குக்குக் குறைந்ததன்று. ஒரு மிகை பொய்யென வெளிப்படும்போது அதனோடு சேர்ந்து மெய்யும் நம்பிக்கை இழக்கிறது.

ஆனால் புவி வெள்ளியாகாது என்பதால் புவிக்குக் கேடில்லை என்று முடிவு கட்டுவது அறிவீனம். கரியமில வாயு வெப்பத்தைத் தடுக்கும் விதி வெள்ளிக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று இல்லை. அந்த வாயுவும் நீராவியும் இல்லையேல் புவியின் சராசரி வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையாக இருந்திருக்கும். அவை இருப்பதால் 15 பாகையை ஒட்டி நிற்கிறது. நாம் வாழ்வது அந்த 33 பாகையின் கொடையால். தொழிற்புரட்சிக்கு முன் நம் காற்றில் பத்து இலட்சத்தில் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. 1958-இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் ஆய்வாளர் கீலிங் அளக்கத் தொடங்கியபோது அது 315-ஐ ஒட்டி இருந்தது. இன்று 420-ஐக் கடந்துவிட்டது. 2024, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 பாகைக்கு மேல் வெப்பம் உயர்ந்த முதல் ஆண்டாகப் பதிவாயிற்று. வேளாண்மையும் மழைக்காலமும் கடற்கரையூர்களும் நிலைகுலைய வெள்ளியின் 500 பாகை தேவையில்லை. இரண்டு மூன்று பாகையே போதும்.

இரு கோள்களின் காற்றையும் ஒரே கண்ணால் பார்த்தவர்களும் இந்த எச்சரிக்கையை உரக்க விடுத்தவர்களுள் உளர் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். 1988 ஜூனில் அமெரிக்கச் செனட் குழுவின் முன் நின்று, புவி சூடேறுவது தொடங்கிவிட்டது என்று சான்றுரைத்த ஜேம்ஸ் ஹான்சன், அதற்கு முன் வெள்ளியின் மேகங்களை ஆராய்ந்தவர். அவை கந்தக அமிலத் துளிகளே என்று 1974-இல் உறுதிசெய்த ஆய்வில் பங்கு கொண்டவர். அயற்கோளை ஆராய்வது வீண் செலவு என்பார்க்கு இதுவே விடையாகட்டும்.

இந்தியாவும் இப்போது இப்பணியில் இறங்கியிருக்கிறது. வெள்ளியைச் சுற்றிவந்து அதன் தரையையும் காற்றையும் ஆராயும் கலத்துக்கு 1,236 கோடி ரூபாய் மதிப்பில் 2024 செப்டம்பரில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2028 மார்ச்சில் அதை ஏவத் திட்டமிடப்பட்டது. அமெரிக்காவின் டாவின்சி, வெரிடாஸ் கலங்களும் ஐரோப்பாவின் என்விஷன் கலமும் 2021-இல் தேர்ந்தெடுக்கப்பட்டன. வெள்ளியைச் சுற்றிவந்த ஜப்பானின் அகாட்சுகி கலத்தோடு 2024-இல் தொடர்பு அறுந்துபோன நிலையில் இப்பயணங்களின் தேவை கூடியிருக்கிறது. தெற்கே வெள்ளி சென்றால் மழை பொய்க்கும் என்று நம் முன்னோர் கருதியதைச் சங்கப் பாடல்கள் பதிவு செய்துள்ளன. வானைக் கூர்ந்து நோக்கிய அந்த மரபினருக்கு, இன்று கருவி கொண்டு அக்கோளின் காற்றை அளந்தறியும் கடமை உண்டு.

மூன்று செயல்களை நாம் வற்புறுத்துகிறோம். பள்ளிப் பாடநூல்கள் வெள்ளியின் வெப்ப அளவைச் சொல்வதோடு நின்றுவிடாமல், புதனோடு அதை ஒப்பிட்டு, வரவும் செலவுமாகிய கணக்கோடு மாணவர்க்கு விளக்க வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவர் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு அது. வெள்ளிக்குச் செல்லும் நம் கலம் திரட்டும் அளவீடுகள் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். அவற்றின் பொருள் தாய்மொழியில் மக்களுக்கு எடுத்துரைக்கப்பட வேண்டும். அனைத்துக்கும் மேலாக, நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதைக் குறைப்போம் என்று உலக மன்றங்களில் அரசுகள் தந்த உறுதிமொழிகள், ஆண்டுதோறும் கணக்குக் காட்டும் கடமைகளாக மாற வேண்டும். மிகுதியாக எரித்துச் செழித்த நாடுகள் முதலிலும் மிகுதியாகவும் குறைக்க வேண்டும். வளரும் நாடுகள் அந்நாடுகள் நடந்த பாதையையே தேடிப்பிடித்து நடக்கலாகாது.

வெள்ளியின் காற்றை மாற்ற எவராலும் இயலாது. புவியின் காற்றில் இன்னும் எவ்வளவு கரியமில வாயு சேரலாம் என்பதை முடிவு செய்யும் ஆற்றல் இன்று வாழும் தலைமுறைக்கு இருக்கிறது. காரணம் தெரியவில்லை என்று சொல்ல 1970-க்குப் பின் எவருக்கும் உரிமையில்லை. தெரிந்த பின்னும் முடிவைத் தள்ளிப்போடுவது, பிறக்கவிருக்கும் மக்களுக்கு இழைக்கும் அநீதி.